சுகிர்தா மேல் போட்ட குறை

ஸ்டீவன் நாலே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சினான். பால் பொங்குவதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட்டான். காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் மேம்பாலத்தடியில் வந்து நின்றது. ஏறி, இடது பக்கம் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தான். மனைவி சுகிர்தா செத்துப் பதினோரு மாதம். எல்லா நாளும் இப்படித்தான் தொடங்கியது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உருக்கிய இரும்பில் கரி எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அளவு தப்பியிருந்தால் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவான். யார் முகமும் பார்க்கமாட்டான்.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வீட்டில் உபவாச ஜெபம். கடம்பத்தூரிலிருந்து கிறிஸ்டினாவின் அம்மாவும் வருகிறாள். கிறிஸ்டினா, அவனுக்கு அம்மா பார்த்திருக்கும் பெண். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் ஓலை வாசிக்கப்போகிறார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் தெரிவியுங்கள் என்று. தடை அவன் பீரோவில், சுகிர்தாவின் புடவைகளுக்கு அடியில் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் சென்னையில் எடுத்த ரத்தப் பரிசோதனையின் அறிக்கை அது. அவனுடைய ஒய் குரோமோசோமில், விந்தணு உண்டாவதற்கு வேண்டிய பகுதி ஒன்று இல்லை. மருந்தும் இல்லை.

சுகிர்தா தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தியவள். ரயிலில் திரும்பும்போது மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினாள். மற்ற குரோமோசோம்கள் ஜோடியாக இருக்கும். ஒன்றில் பிழை விழுந்தால் இன்னொன்றைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். ஒய்க்கும் ஒரு காலத்தில் எக்ஸ் சரிசமமான ஜோடியாக இருந்தது. பல கோடி வருடங்களில் தேய்ந்து, ஒய் ஏறக்குறையத் தனிக்கட்டை ஆகிவிட்டது. அதனால் முக்கியமானவற்றைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எதிரும் புதிருமாக இரண்டு தரம் எழுதி வைத்திருக்கிறது. தன்னையே மடித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அப்படி மடிக்கிற இடத்தில் எப்போதாவது ஒரு துண்டு கழன்று போய்விடும்.

"உன்ன மாதிரியேதான்," என்றாள். "யாரையும் கேக்காது. தானே பாத்துக்கறேன்னு போயி தொலச்சிட்டு வந்து நிக்கும்."

ஒரு மாதம் போகட்டும், வீட்டில் நானே சொல்கிறேன் என்று அவன் கேட்டுக்கொண்டான். அவள் சரி என்றாள். ஒரு மாதம் இரண்டு வருடமானது. வெள்ளிதோறும் பெண்கள் அவளைச் சுற்றி நின்று, வயிற்றின் மேல் கைவைத்து, அடைத்த கர்ப்பத்தைத் திறக்கும்படி மன்றாடினார்கள். அவள் முக்காடு போட்டு மண்டியிட்டிருந்தாள். அவன் வெளியில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவளுக்கு டெங்கு வந்தது. ஐந்தே நாள்.

சாயங்காலம் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஆதிகேசவன் கதவோரம் நாற்காலியில். பாட்டு முடிந்து, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சி சொல்கிற நேரம் வந்ததும் அம்மா கன்னியம்மா எழுந்தாள்.

"மொத மருமவளுக்குக் கர்த்தர் கர்ப்பத்த அடைச்சிட்டாரு. அவ கொற அவளோட போச்சு. எம்புள்ளைக்கு இப்ப புது வாசல் தொறக்கறாரு. ஸ்தோத்திரம்."

எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கிறிஸ்டினாவின் அம்மாவும் சொன்னாள்.

ஸ்டீவன் உள்ளே போய், காகிதத்தோடு வந்து நடுவில் நின்றான். அவன் சாட்சி சொல்லி யாரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை முறுக்கு வந்ததும் வாயும் வந்துவிட்டதே என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு. இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆலையில் வாசிக்கிற குரலிலேயே வாசித்தான். பெயர், வயது, தேதி, இல்லாத பகுதி, முடிவு.

"கொற அவகிட்ட இல்ல. என்னாண்ட," என்றான். "மூணு வருசமா தெரியும். அவளுக்கும் தெரியும். நான்தான் சொல்லாதன்னேன்."

அந்த ஒய் என்றால் என்ன என்று கேட்டார்கள். அப்பனிடமிருந்து பிள்ளைக்கு, பையனுக்கு மட்டும் வருவது என்றான்.

"அப்ப நான் குடுத்ததா?" என்றார் ஆதிகேசவன்.

"இல்ல நைனா. உன்னாண்ட முழுசாத்தான் இருந்துருக்கும். எனக்கு வரும்போது கயண்டுகிச்சி."

அவர் தலையாட்டினார். முப்பது வருடம் லோடு ஏற்றிய தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். எத்தனையோ ஆயிரம் அப்பன்மார் கைமாற்றிக் கைமாற்றி வந்தது மகனோடு நின்றுவிடுகிறது என்பது அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, காகிதத்தை ஒரு தரம் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

கிறிஸ்டினாவின் அம்மா காகிதத்தை வாங்கி போனில் படம் எடுத்துக்கொண்டாள். மகள் படித்தவள், அவளே பார்த்து முடிவு சொல்லட்டும், அதுவரை ஓலை வாசிக்க வேண்டாம் என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். ஆறரை ரயிலுக்கு நேரமாயிற்று என்று கிளம்பினாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

கன்னியம்மா பாயைச் சுருட்டாமல் அதிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அவ வவுத்துல கைய வெச்சி நான்தான்டா சத்தமா ஜெபம் பண்ணேன்."

அவன் சிதறிக்கிடந்த பாட்டுப் புத்தகங்களை அடுக்கினான்.

"ஒரு வார்த்த எதுத்துப் பேசல அவ." அவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "கடைசியா நீதான பக்கத்துல இருந்த? என்னத் திட்டினாளா? நெசத்த சொல்லு. இன்னா சொன்னா?"

இயேசுவின் நாமத்தைச் சொல்லிக்கொண்டே கண்மூடினாள் என்று அடக்கத்தன்று பாஸ்டர் பேசியிருந்தார். அவன் மறுக்கவில்லை. இப்போது, திட்டினாள் என்றால் அம்மா அழுது தீர்ப்பாள். மன்னித்தாள் என்றால் ஆறுவாள். இரண்டும் நடக்கவில்லை. அன்று ஆஸ்பத்திரியில் மத்தியானம் மணி ஒன்றரை. காலையிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கட்டிலை விட்டுப் போய்த் திரும்பிய இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்திருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, சுகிர்தா கடைசியாகச் சொன்னதை அப்படியே சொன்னான்.

"போயி சாப்ட்டு வா. ரெண்டு மணி ஆச்சின்னா கேன்டீன்ல தயிர் சாதம் தீந்துடும்."