திடுக்கிடாத வீடு

1

இந்தக் கதை என் தம்பி வீட்டில் கிடைத்தது. கேட்டுத்தான் எடுத்தேன். "எழுதுங்க மாமா. ஆனா அவர ரொம்ப மோசமா எழுதிடாதீங்க" என்றாள் தம்பி பெண்டாட்டி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இரும்பின் ஓசையில் பூத்த அந்தச் சின்ன மலர்…' அடித்துவிட்டேன். தம்பியின் பெண் குழந்தை மலர் இல்லை. எந்நேரமும் மூக்கு ஒழுகும்.

2

எனக்கும் தம்பிக்கும் அவன் பெண்டாட்டிக்கும் தகடு வெட்டும் பட்டறையில் வேலை. பட்டறை மாடியிலேயே தம்பி குடித்தனம். புதிதாக ஒருவன் வேலைக்கு வந்தால் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு தகட்டைக் கீழே போடுவோம். தூக்கிவாரிப்போட்டால் அவனுக்குத் 'துள்ளி' என்று பெயர். மிஷின் பக்கம் விடமாட்டோம், கை போய்விடும். துள்ளல் அடங்கிய* பிறகுதான் மிஷின்.

(அடங்குவது மனசா, காதா என்று யாரும் கேட்டதில்லை. எழுத உட்கார்ந்த பிறகுதான் நானும் கேட்கிறேன்.)

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும் தம்பி தொட்டிலுக்குப் பின்னால் தகட்டைப் போட்டான். அது இமைகூட அடிக்கவில்லை. "நம்ம ரத்தம்டா" என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். 'இரும்புக்குட்டி' என்று பெயர் விழுந்தது.

* அடங்கியவனுக்கும் கரன்ட் போய் மிஷின் நின்றால் தூக்கிவாரிப்போடும்.

3

இந்த இடத்தில் தம்பியை முட்டாளாக எழுதியிருந்தேன். அடித்தாயிற்று. படுக்க வைக்கும்போதெல்லாம் குழந்தை விழுகிறவள் மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காற்றைப் பிடிக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவன் நம்பினான். நாங்களும்.

சில மாதத்தில் அந்தக் கைவிரிப்பு நின்றுபோனது. தாய் பயந்துபோய் நர்ஸிடம் ஓடினாள். அது நிற்க வேண்டியதுதான், வளர வளரப் போய்விடும் என்றாள் நர்ஸ். ஆனால் திடீர்ச் சத்தத்துக்கு இமை அடிப்பதும் தோள் குறுகுவதும் பிறந்ததிலிருந்தே இருக்கும், கிழவியானாலும் போகாது. "சத்தம் கேட்டா கண்ண மூடுதா?"

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். வீட்டுக்கு வந்து, இனி யாரும் புள்ளையை இரும்புக்குட்டி என்று கூப்பிடக்கூடாது என்றாள். தம்பி ஏன் என்று கேட்கவில்லை. அவனுக்கும் அப்போதே

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

4

காது பரிசோதனைக்குத் தம்பி வரவில்லை. 'பயந்துகொண்டு' என்று எழுதி, அடித்து, 'லீவு கிடைக்காமல்' என்று எழுதினேன். இரண்டும் உண்மைதான்.

வெளிச்சத்தம் நுழையாத சின்ன அறை. குழந்தை தாய் மடியில், நான் பக்கத்தில். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: நீங்கள் துள்ளினால் பிள்ளையும் துள்ளும், எது யாருடையது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

"நாங்க பட்டறை ஆளுங்க மேடம். துள்ள மாட்டோம்" என்றாள் தாய்.

மேசைமேல் இருந்த பெட்டியிலிருந்து படீரென்று ஒரு சத்தம். குழந்தை அசைந்தது. அவளும் துள்ளினாள். பட்டறையில் இத்தனை வருஷமாக அவள் துள்ளி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் காதால் கேட்கவில்லை, உடம்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கெடுத்துட்டேன்" என்றாள். "மாமா, நீங்க வாங்கிக்கங்க. நீங்க அசைய மாட்டீங்க."

5

அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். குழந்தையின் முதுகு என் நெஞ்சில் பட்டது. என் நெஞ்சு அடிப்பதையே அது சத்தம் என்று நினைத்துக்கொள்ளுமோ என்று மூச்சைப் பிடித்தேன். டாக்டரம்மாவின் விரல் பொத்தானுக்குப் போனது. அப்போது குழந்தை

இல்லை. 'இமை அடித்தது' என்று ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். அது தாயின் ஆசை. 'அசையவில்லை' என்று இன்னொன்று. அது என்னுடைய பயம். இரண்டையும் கிழித்தாயிற்று.

எழுதுகிற கை ஓய்ந்துவிட்டது. கொஞ்சம் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். முதுகை உங்கள் மேல் சாய்த்து, இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டாம். அதன் தாய் எதிரே நின்று உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பொத்தானை அழுத்தப்போகிறார்கள். அசையாதீர்கள்.