ஏதோ நாலு ஆடு

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் புதுச் சாலையைப் பாய் மாதிரி சுருட்டி எறிந்திருப்பேன். நாலு வழிச் சாலையாம். இரண்டு பக்கமும் கம்பிவேலி. எங்கள் கிணறு வேலிக்கு அந்தப் பக்கம், ஒட்டகங்கள் இந்தப் பக்கம். கால்நடைகள் போகச் சாலைக்கு அடியில் ஒரு பாதை விட்டிருந்தார்கள். ஆடு போகும். நான் குனிந்தால் போவேன். இரண்டு திமில் வைத்த ஒட்டகம் எப்படிப் போகும்?

கோபிப் பாலைவனத்தில் ஜூலை வெயில். ஐந்து நாளாக மோட்டார் சைக்கிளில் கேன் கேனாகத் தண்ணீர் சுமந்தோம். அது எந்த மூலைக்கு? தாய் ஒட்டகங்களுக்கு மடி வற்றிவிட்டது. குட்டிகள் கத்தின கத்தலில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் சாலை போட்ட பொறியாளர் கான்சோரிக்கை வழியிலேயே மறித்துவிட்டேன்.

"இது பாதையா, எலி வளையா? கட்டினவனுக்குக் கண்ணு பொடரியிலயா இருந்துச்சு?"

அவன் ஜீப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். "கோவிச்சுக்காதீங்க அக்கா. போன வருஷம் அளக்க வந்தப்ப உங்க கூடாரத்துல டீ குடிச்சுட்டுத்தான் கேட்டேன். என்ன கால்நடை, எத்தனைன்னு. இதோ, அண்ணன் கையெழுத்து."

தாளில் 'நாலு ஆடு' என்று இருந்தது.

பக்கத்தில் நின்ற என் கணவர் தாம்தின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வந்தவன்கிட்ட எண்ணிக்கையச் சொல்லுவாங்களா? கண்ணு பட்டுராது? ஏதோ நாலு ஆடு இருக்குன்னேன். எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு."

"நல்லா சொன்னீங்க போங்க!" என்று அவர்மேல் பாய்ந்துவிட்டு இவன் பக்கம் திரும்பினேன். "உங்கப்பா என்னடா பண்றாரு?"

"குதிரை வளர்க்கிறாரு, அக்கா."

"எத்தனைன்னு கேட்டா என்ன சொல்லுவாரு?"

அவன் தலை குனிந்தது. "ரெண்டு மூணு இருக்கும்பாரு."

"அப்ப தெரிஞ்சுதானே எழுதின, படுபாவி!"

"சொன்னதைத்தான் எழுதணும்னு உத்தரவு. இப்ப மாத்தணும்னா மனு போடணும். ரெண்டு வருஷம் ஆகும்."

இரண்டு வருஷமாம்! தாகத்துக்கு மனு எழுதத் தெரியுமா? அவன் ஜீப்பில் கிடந்த குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வேலிக் கம்பியை ஒவ்வொன்றாக நறுக்கினேன். அவன் தடுக்கவில்லை. மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று முனகிக்கொண்டே ஜீப்பைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினான். பிறகு அதை என்னிடமிருந்து வாங்கி எதிர்ப்பக்க வேலியை அவனே வெட்டினான்.

ஒட்டகங்கள் தார்மேல் ஏறின. அவசரமே இல்லை. ஒன்று நடுச்சாலையில் நின்று சாவகாசமாக மூத்திரம் பெய்தது. நிலக்கரி லாரிகள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி ஹாரன் அடித்தன.

முன்னால் நின்ற லாரிக்காரன் தலையை நீட்டிக் கத்தினான். "யோவ், இன்னும் எத்தனைதான் வரணும்?"

தாம்தின் பணிவாகச் சிரித்தார். "ஏதோ ரெண்டு மூணு இருக்கு, தம்பி."

எனக்கு உச்சிமுடி எரிந்தது. சாலை நடுவில் போய் நின்றேன். பிறந்ததிலிருந்து வாய்விட்டுச் சொல்லாத எண்ணிக்கையை, தொண்டை கிழியக் கத்தினேன்.

"முப்பத்தொண்ணுடா! தினமும் வரும்! நல்லா எழுதிக்கோங்க!"