நாலு இரும்புப் பட்டை

விம்கோ நகரில் ராஜாத்தியம்மா வீட்டுக்கு ஓட்டுக் கூரை போட்டபோது மரவேலை வால்டர் அண்ணனுடையது, சுவர் வேலை என்னுடையது. தெருப்பக்கம் கூரைச் சரிவுக்கு ஏற்றபடி முக்கோணமாகச் சுவர் எழுப்ப வேண்டும். அதை ஒட்டி வரும், ஓட்டைத் தாங்கும் கைமரங்களில் அண்ணன் நாலு இரும்புப் பட்டைகளை ஆணியடித்து நீட்டி விட்டிருந்தார்.

"பீமு, இத்த செங்கல்லுக்கு நடுவுல வெச்சுக் கட்டிடு. கூரையும் செவுரும் ஒண்ணை ஒண்ணு புடிச்சிகினு நிக்கணும். இல்லாங்காட்டி காத்து தள்ளிடும்."

எனக்குச் சுருக்கென்றது. தச்சர் வந்து கொத்தனாருக்குச் சுவர் கட்டச் சொல்லித் தருவதா? ஒரு பட்டைகூட என் கல் வரிசைக்கு ஒத்து வரவில்லை. மறுநாள் காலை பால் காய்ச்சுகிறார்கள். அண்ணன் சாப்பிடப் போன நேரம் பார்த்து நாலையும் நெம்பிப் பிடுங்கிக் கால்வாயில் வீசினேன். அவர் திரும்பி வருவதற்குள் அந்த இடங்களைக் கல் வைத்து மூடி, சாயங்காலத்துக்குள் சுவரைப் பூசியும் முடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

2005 மழையில், ஒரு மத்தியானக் காற்றுக்கு அந்த முக்கோணம் அப்படியே தெருவில் சாய்ந்தது. நல்லவேளை, ஆள் யாரும் இல்லை. சேதி கேட்டு அண்ணனும் நானும் அங்கே ஓடினோம்.

"பட்டை அடிச்சேன்னியே, எங்கப்பா?" என்றார் ராஜாத்தியம்மா.

அண்ணன் மழையில் நின்று அண்ணாந்து பார்த்தார். கீழேயிருந்து வெறும் மரம்தான் தெரிந்தது. அந்த வருடம் இழைப்புளியை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தவர் அவர். ஒருநாள் சொந்த வீட்டைத் தாண்டியே நடந்து போயிருந்தார்.

"மறந்துட்டேன் போலகீதும்மா. என் தப்புதான்."

நான் குனிந்து தெருவில் கிடந்த கல்லைப் பொறுக்கி ஓரமாக அடுக்கினேன்.

அதன்பிறகு அண்ணன் வேலைக்கே போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் அவர் மனைவி பிலோமி அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார். "வூட்ல ஒக்காந்து அளந்ததையே திரும்பத் திரும்ப அளக்குறாருப்பா. அப்பால பென்சிலை வெச்சிட்டு அழுவுறாரு." பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவு வெட்கங்கெட்டவன் நான்.

மழை விட்டதும் சுவரை மறுபடி கட்டக் கூப்பிட்டார்கள். அதற்கு மட்டும் அண்ணன் புதுப் பட்டைகளோடு வந்தார். அவரைத் தனியாக விடப் பயந்து அண்ணியும் கூடவே வந்து கீழே உட்கார்ந்திருந்தார்.

"நான் அடிக்கிறேன், நீ நின்னு பாரு பீமு. என் கைய நானே நம்பறதில்ல."

சாரத்தில் அவர் பக்கத்தில் நின்றேன். முதல் பட்டையை மரத்தில் வைத்தவர் நிறுத்தினார். விரலால் தடவினார்.

"இன்னாடா இது? ஆணி ஓட்டை கீது?"

எட்டி அடுத்த இடத்தைத் தடவினார். அங்கேயும் இருந்தது.

"நீ அடிச்சேண்ணா. நான்தான் புடுங்கிப் போட்டேன்."

சுத்தியல் அவர் கையில்தான் இருந்தது. மண்டையில் போடட்டும் என்று நின்றேன்.

"அப்ப நான் அடிச்சேனா? மறக்கலியா?"

"மறக்கலண்ணா."

இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன்.

"பிலோமி!" என்று கத்திக்கொண்டே ஏணியில் இறங்கினார். "நான் மறக்கலடி! அடிச்சிகீறேன்!" கீழே இருவரும் சிரிப்பதும் அழுவதும் கேட்டது. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இறங்கி அவர்கள் பக்கத்தில் போய் நின்றிருப்பேன்.