மண் படாத சட்டை

வெஸ்லர் மில்ஸ் என்கிற ஆலை ஊரின் பள்ளிக்கூட அணி, கையால் பந்தை எறிந்தும் கட்டிக்கொண்டு ஓடியும் ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலில் அந்த வருஷம் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. யாரால் ஜெயித்தார்கள் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். முன்வரிசையில் மதில் மாதிரி நின்ற ஐந்து தடியன்கள் என்பார்கள். பந்தைக் கட்டிக்கொண்டு ஓடியவனின் கால்கள் என்பார்கள். கோச் எம்மெட் ஹாவ்லிக்கின் மூளை என்பார்கள். லைல் டோம்பெக் என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். இத்தனைக்கும் அவன்தான் ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும்.

வந்த பந்தை அவன் எறிந்தால் அது தள்ளாடிக்கொண்டு போகும். தானே ஓடினால் பஸ்ஸைத் தவறவிட்டவன் ஓடுகிற மாதிரி இருக்கும். அதனால் பெரும்பாலும் பந்தை வாங்கி, ஓடத் தெரிந்தவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வான். அவன் எறிகிற பந்து போய்ச் சேர்வதற்குள் தன் காபி ஆறிவிடும் என்று ஊர்ச் சாப்பாட்டுக்கடையான டைனரில் ஒருவர் சொன்னதை ஊரே ஒரு மாதம் சொல்லிச் சிரித்தது. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்ற கணக்கில்தான் அவனைச் சகித்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும்விட அவன் குரல்தான் கேலிக்கு அதிகம் அகப்பட்டது. குவார்ட்டர்பேக் எண்களைச் சொல்லி, கடைசியில் ‘ஹட்’ என்று குரல் கொடுத்தால்தான் பந்து அவனிடம் வரும், முன்வரிசையும் பாயும். அதற்குமுன் வரிசையில் ஒருவன் அசைந்தாலும் அணி ஐந்து கஜம் பின்னால் போகவேண்டும். மற்ற ஊர்ப் பையன்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். லைலோ சர்ச்சில் பாட்டு நம்பர் வாசிக்கிறவர்போல ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் சொல்வான். கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும்.

ஹாவ்லிக்குக்கும் அவன்மேல் பெரிய அபிப்பிராயம் கிடையாது. நல்ல பையன், நேரத்துக்கு வருவான், அவ்வளவுதான். மாநில இறுதி ஆட்டம் நெருங்கியபோது அவர் கண் ட்ரெண்ட் கெஸ்லர்மேல் போயிற்று. பத்தாம் வகுப்புப் பொடியன். ஆனால் கை கவண் மாதிரி. எதிரணி ஓட்டத்தை அடைத்துவிடும், எறிந்துதான் ஜெயிக்கவேண்டும் என்று ஹாவ்லிக் கணக்குப் போட்டார். கணக்குக்கு அடியில் ஓர் ஆசையும் இருந்தது. லைலை வைத்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்தவன், ஒரு நல்ல கை கிடைத்தால் என்னதான் செய்யமாட்டான் என்று ஊர் பார்க்கட்டுமே. தலை நரைக்கும்வரை மாநிலக் கோப்பைக்குக் காத்திருந்த மனுஷன். ஆசைப்பட்டதைக் குற்றம் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் லைலைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சனிக்கிழமை ட்ரெண்ட் ஆடட்டும்டா. உன்மேல தப்பு ஒண்ணும் இல்ல.”

லைல் ஹெல்மெட்டின் வாரைக் கொஞ்ச நேரம் மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான். “சரி, கோச்” என்றான். அப்புறம், “ஒரே ஒரு தடவ இறக்கிவிடுவீங்களா? ஜெயிச்சு முடிச்சப்புறம்கூடப் போதும். அப்பா ஆலையில ஷிஃப்ட் மாத்திக்கிட்டு வர்றாரு” என்றான்.

“அதுக்கென்ன, இறக்கிவிடறேன்” என்றார் ஹாவ்லிக். சொன்னபோது மனசாரத்தான் சொன்னார்.

எந்தக் கல்லூரியும் லைலைத் தேடி வரப்போவதில்லை. அவனுக்கு அதுதான் கடைசி ஆட்டம். அந்த ஊரில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. பள்ளியை விட்டுப் போகிற பையன்களுக்கு, கடைசி ஆட்டத்தில் போட்ட சட்டையைத் துவைக்காமல், மண்ணும் புல்கறையுமாகக் கோச் தன் கையால் கொடுப்பார். அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவைப்பார்கள். ஹாவ்லிக் வீட்டிலும், அவர் பையனாக ஆடியபோது வாங்கிய சட்டை ஒன்று தொங்கியது. அதில் முழங்கைப் பக்கம் ரத்தக்கறை. விருந்தாளி யார் வந்தாலும் அதைக் காட்டாமல் சாப்பாடு போடமாட்டார்.

சனிக்கிழமை மைதானம் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. ட்ரெண்ட் எறிந்த முதல் நீளப் பந்து குண்டு மாதிரி போய் ஓடுகிறவன் கையில் உட்கார்ந்தது. ஊரே எழுந்து நின்றது. ஹாவ்லிக் துணைக்கோச் பாஸ்கோவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெருமை கொஞ்ச நேரம்தான் நின்றது. முன்வரிசை முந்திப் பாய ஆரம்பித்தது. நடுவர் மஞ்சள் துணியை எறிந்தார்; ஐந்து கஜம் பின்னால். மறுபடி துணி, மறுபடி ஐந்து கஜம். வருஷம் முழுக்க இப்படி நடந்ததே இல்லை. வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் ரூடி சேறு வழிய வந்து நின்றான்.

“என்னன்னே தெரியல கோச். காது ஒண்ணு சொல்லுது, உடம்பு ஒண்ணு பண்ணுது.”

இரண்டு வருஷமாக ஒரே தூங்குமூஞ்சிக் குரலுக்குப் பாய்ந்து பழகிய உடம்புகள். கூட்டம் எவ்வளவு இரைந்தாலும், எத்தனை புள்ளி பின்தங்கினாலும் அந்தக் குரல் மாறியதில்லை. ட்ரெண்ட் ஒரு தடவை அவசரமாகக் கத்தினான், ஒரு தடவை இழுத்தான். பயம் ஏற ஏறக் குரல் கீச்சென்று உடைந்தது. பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

பாஸ்கோ அருகில் வந்தார். “எம்மெட், லைல இறக்கு.”

“எறியத் தெரியாதவன இறக்கி என்னத்தப் பண்ண?”

“எறிய வேணாம்ப்பா. அவன் குரல் குடுத்தாப் போதும்.”

ஹாவ்லிக்குக்கு அது புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் பின்னால் இவ்வளவு வலித்திருக்காது. இப்போது மாற்றினால் தான் செய்தது தப்பு என்று மைக் பிடித்து ஊருக்கே சொன்னது மாதிரி ஆகிவிடுமே என்று நினைத்தார். “பாப்போம்” என்று மட்டும் சொன்னார்.

கடைசி நிமிஷத்தில் வெஸ்லர் மில்ஸ் நாலு புள்ளி பின்னால் இருந்தது. பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆறு புள்ளி தரும் கோடு கூப்பிடு தூரத்தில். லைல் குளிர் மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டு, கோச்சின் பக்கத்தில் வந்து நின்றான். அவன் நிற்பது ஹாவ்லிக்குக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் இறக்கவேண்டியிருக்கும் என்பதால் திரும்பவில்லை. வரிசை மறுபடி முந்தியது; ஐந்து கஜம் பின்னால். அடுத்து ட்ரெண்ட் எறிந்த பந்து எதிராளியின் கையில் போய் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

அப்போதுதான் ஹாவ்லிக் திரும்பினார். லைல் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே மேலே, கூட்டத்தில் யாரையோ பார்த்துத் தலையசைத்தான். அங்கே ஆலை உடுப்போடு ஒருவர் எழுந்து நின்றிருந்தார்.

லைல் ஆடியிருந்தால் ஜெயித்திருப்பார்களா? யார் கண்டது. அவனும் தோற்றிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை காலை டைனரில் கேட்கவேண்டுமே. லைல் மட்டும் இருந்திருந்தால் கோப்பை நமக்குத்தான், ஜெயிக்கிற குதிரையை எவனாவது மாற்றுவானா என்று, காபி ஆறிப்போகும் என்ற அதே வாய்கள் சத்தியம் செய்தன. நரம்பில்லாத நாக்கு. ஹாவ்லிக் முட்டையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் சட்டை கொடுத்தார்கள். ரூடியின் சட்டை சேறு காய்ந்து பலகை மாதிரி விறைத்திருந்தது. அவன் அதைக் குழந்தையைப்போல வாங்கிக்கொண்டான். கடைசியாக லைலின் சட்டை. சலவைக்குப் போய்வந்த மடிப்புகூடக் கலையவில்லை. எண் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஹாவ்லிக் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நல்லதாக நாலு வார்த்தை யோசித்து வந்திருந்தார்.

“லைல், நான் சொன்னேன்ல, ஒரு தடவ…”

“பரவால்ல கோச்” என்றான் லைல், அதே ஏற்றமிறக்கமில்லாத குரலில். “மண்ணுச் சட்டைய வீட்டுல மாட்டக்கூடாதுன்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இத ஒண்ணும் சொல்லமாட்டாங்க.”

பையன்கள் சிரித்தார்கள். லைலும் சிரித்தான். ஹாவ்லிக்கும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

கோப்பை போன துக்கம் அடுத்த வசந்தத்துக்குள் ஆறிவிட்டது. இது ஆறவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் தன் சட்டையைக் காட்டுவதில்லை.