எச்சில் தொடாத டிக்கெட்

டிக்கெட் கட்டைக் கையில் எடுத்தாலே கண்டக்டரின் கட்டைவிரல் தானாக நாக்குக்குப் போய்விடும். எச்சில் தொட்டால்தான் மெல்லிய தாள் பிரிந்து வரும் என்பது வேலையில் சேர்ந்த அன்றே கைக்கு வந்த பழக்கம்.

வீட்டில் அவர் வேறு ஆள். மகள் ரத்த நோய்க்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது டாக்டர் சொல்லி அனுப்பினார். "இவ உடம்புல இப்போ எதிர்ப்புச் சக்தியே கிடையாது. நமக்குச் சளி வந்தா தும்மிட்டுப் போயிடுவோம். இவளுக்கு அதுவே பெரிய ஆபத்தாயிடும்."

அன்றுமுதல் வாசல் குழாயில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, சீருடையைக் களைந்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைவார். ஊரில் இருக்கும் சளியெல்லாம் தன் மகளைத் தேடித்தான் வருகிறது என்று நினைத்திருந்தார்.

ஒருநாள் காலையிலேயே தொண்டை கரகரத்தது. நண்பகலுக்குள் மூக்கு ஒழுகத் தொடங்கிவிட்டது.

"என்னண்ணே, டேங்க் லீக்காகுதா?" என்று டிரைவர் கேலி செய்தார். "மருந்து சாப்பிட்டா ஏழு நாள், சாப்பிடாட்டி ஒரு வாரம். விட்டுத் தள்ளுங்க."

"என்னைப் பத்தி இல்லப்பா."

டிரைவருக்குச் சட்டென்று விளங்கியது.

இன்று எப்படி வீட்டுக்குப் போவது என்ற ஒரே நினைப்பு கண்டக்டருக்கு. கூட்டத்தில் நசுங்கியபடி, இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்ணிடம் டிக்கெட்டை நீட்டினார். அவள் வாங்குவதற்குள் குழந்தை பறித்து வாயில் வைத்துக்கொண்டது.

கண்டக்டர் வெடுக்கென்று அதைப் பிடுங்கினார். குழந்தை வீறிட்டது.

"பச்சக் குழந்தைகிட்ட இப்படியா பிடுங்குவாங்க?"

"மன்னிச்சுக்கம்மா. எனக்குச் சளி. எச்சில் தொட்டுக் கிழிச்ச டிக்கெட் அது. அதோட வாயையும் கையையும் துடைச்சு விடு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள். அவர் விரலைச் சட்டையில் தேய்த்துவிட்டு, வேறு டிக்கெட்டைச் சிரமப்பட்டுப் பிரித்துக் கொடுத்தார்.

அதன்பின் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. காலையிலிருந்து எத்தனை பேர் கையில் என் எச்சிலைக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வீடுகளிலும் ஒரு படுக்கை இருக்கலாம். அதில் ஒரு பிள்ளை படுத்திருக்கலாம். என் வாசலில் கழுவிய கையை ஊர் வாசலில் கழுவவில்லையே. கடவுளே, இத்தனை நாள் என் பிள்ளையை மட்டும்தானே காப்பாற்றச் சொல்லி வேண்டினேன் என்று மனம் குமைந்தது.

பஸ் கடைசி நிறுத்தத்தை அடைந்ததும் விடுப்புச் சொல்லிவிட்டு நடந்தார். வீட்டுக் கேட்டைத் தொடாமல் தெருவிலேயே நின்றார். மகள் ஜன்னலுக்கு வந்தாள்.

"உள்ள வாங்கப்பா."

"சளி போகட்டும்மா."

"எனக்குப் பயமில்ல."

"எனக்கு இருக்கு கண்ணு."

மனைவி போர்வையையும் மாற்று உடுப்பையும் கேட்டின்மேல் போட்டுவிட்டு விலகி நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டிரைவர் தன் வீட்டு மாடி அறையைத் திறந்துவிட்டார். "எனக்கு ஒட்டினா ஒட்டட்டும்ணே. நான் தும்மிட்டுப் போறேன்" என்றார். வேளாவேளைக்கு வெந்நீரும் கஞ்சியும் படியில் வந்து காத்திருந்தன. கண்டக்டர் உப்புநீரில் தொண்டையைக் கொப்பளித்தார், ஆவி பிடித்தார், மற்ற நேரமெல்லாம் தூங்கினார். சளிக்கு அதைவிட மருந்து இல்லை. அதுவும் தன் தவணை முடிந்ததும் போய்விட்டது.

வேலைக்குத் திரும்பியபோது அவர் இருக்கையருகே டப்பா மூடி ஒன்று ஒட்டியிருந்தது. அதற்குள் ஈரமான பஞ்சுத் துண்டு.

"பேங்க்ல நோட்டு எண்றவங்க வெச்சிருந்தாங்க. நமக்குத்தான் இது தோணாமப் போச்சு" என்றார் டிரைவர், திரும்பிப் பார்க்காமல்.

முதல் பயணி கை நீட்டினார். பழக்கதோஷத்தில் கட்டைவிரல் பாதி தூரம் மேலே வந்தது. பிறகு இறங்கி, பஞ்சைத் தொட்டது.

அன்று மாலை வாசல் குழாயில் அவர் கை கழுவி முடிக்கும்வரை மகள் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தாள்.