பதினைந்தாவது ஷாட்

செய்தி ஓடியது ஒரு நிமிடம் நாற்பது வினாடி. அதில் மொத்தம் இருபத்திரண்டு ஷாட். சின்னவள் நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தாள். பதினான்காவது ஷாட்டில் ஒரு தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். பதினைந்தாவதில் மஞ்சள் பனியன் போட்ட லைஃப்கார்டு ஒருத்தி சிரிக்கிறாள். இரண்டே வினாடி. பதினாறாவதில் ஆளில்லாத நீச்சல் குளம்.

அந்த இரண்டு வினாடி போதுமானதாக இருந்தது. வியாழக்கிழமை குளத்தில் மூழ்கிய ஏழு வயதுப் பையன் பிழைத்துக்கொண்டான், அவனைக் குதித்துத் தூக்கியதே அந்த லைஃப்கார்டுதான் என்பதெல்லாம் யார் காதிலும் ஏறவில்லை. பிள்ளை சாகக் கிடக்கும்போது பல்லைக் காட்டியவள் என்று ஊரே அவளை வாயில் போட்டு மென்றது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று செய்தி வாசித்தவர் வேறு சொல்லி முடித்தார். டிவிக்காரர்களுக்குப் பழமொழி சும்மா கிடைக்கிறது.

சிரித்தவள் சின்னவளுடைய அக்கா. வெள்ளிக்கிழமை காலையிலேயே அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. தப்பு அவள்மேல் என்று எழுதிவிட்டால் சான்றிதழ் ரத்தாகும், அப்புறம் எந்தக் குளத்திலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். தண்ணீரை விட்டால் அக்காவுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. ஆனால் அவளோ மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். கல்லுப்பிள்ளையார்கூட இதைவிட நாலு வார்த்தை பேசுவார் என்று சின்னவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சின்னவள் கல்லூரியில் சினிமாவும் தொலைக்காட்சியும் படிக்கிறாள், இரண்டாம் வருடம். இரண்டு ஷாட்டை அடுத்தடுத்து ஒட்டினால் நடுவில் இருக்கும் கதையைப் பார்க்கிறவனே கட்டிக்கொள்வான் என்பது அங்கே முதல் மாதப் பாடம். கல்லூரி வாட்ச்மேனின் முகத்தை எடுத்து, ஒருமுறை சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் ஒருமுறை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டினார்கள். முதலில் பசி என்றது வகுப்பு, பிறகு துக்கம் என்றது. பாவம், வாட்ச்மேன் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன் வீட்டுக்கு வரும்போதுதான் எந்தப் பாடமும் உறைக்கும்.

பதினைந்தாவது ஷாட்டை நிறுத்தி வைத்துப் பார்த்தபோது அவளுக்கு ஒன்று பிடிபட்டது. அக்காவின் தலைமுடி காய்ந்திருந்தது. பனியனும் காய்ந்திருந்தது. குதித்துப் பிள்ளையைத் தூக்கியவள் எப்படிக் காய்ந்து நிற்பாள்? அப்படியானால் இந்தச் சிரிப்பு விபத்துக்கு முந்தையது. வியாழன் காலையில் அதே சேனல்காரர்கள் கோடைகால நீச்சல் வகுப்பைப் பற்றி ஒரு நிகழ்ச்சி எடுக்கக் குளத்துக்கு வந்திருந்தார்கள். அதில் எடுத்ததை வெட்டி, அழும் தாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

அவள் விசாரித்து அந்தக் கேமராமேனைப் பிடித்தாள். உயரத்துக்காக அவனை எல்லோரும் ஒட்டகம் என்பார்கள். சேனல் கட்டடத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில், ஞாயிறு மதியம், நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு மெமரி கார்டை அவள் கையில் வைத்தான். படம் எடுத்தது மட்டும்தான் தன் வேலை, வெட்டி ஒட்டியது வேறு ஆள் என்றான். இன்னும் என்னவோ சொல்ல வந்து, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றுவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டான்.

கல்லூரி எடிட்டிங் அறையில் ஆள் இல்லை. எதையும் முதலில் சத்தமில்லாமல் பார்க்க வேண்டும், பிறகு படமில்லாமல் கேட்க வேண்டும். இது அவர்கள் வகுப்பின் வழக்கம். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பதை இரண்டு பருவத்துக்கு இழுக்கிறார்கள் என்று அவளே கிண்டல் அடித்ததுண்டு. இப்போது கிண்டலுக்கு நேரமில்லை. சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்டாள்.

அக்கா மைக்கைப் பிடித்து நிற்கிறாள். பின்னால் நீலத் தண்ணீர், அழகுக்காக மங்கலாக. மூலையில் நேரம் ஒன்பது நாற்பத்திரண்டு. சிரிக்கிறாள். தாய் அழுததும் அதே கார்டில் இருந்தது, எடுத்தது பத்தரைக்கு. அவ்வளவுதான், ஜெயித்தாகிவிட்டது. அப்போதுதான் அந்த மங்கலுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி அசைவதைப் பார்த்தாள்.

நீச்சல் தொப்பி. அது கீழே போனது. மேலே வந்தது. மறுபடி கீழே போனது. அவள் பின்னால் ஓட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி எண்ணினாள். பதினோரு வினாடி. பதினோராவது வினாடியில் அக்கா பழக்கத்தில் சட்டென்று திரும்புகிறாள், மைக் விழுகிறது, மஞ்சள் பனியன் தண்ணீருக்குள் பாய்கிறது. சிரிப்பு வருவது நாலாவது வினாடியில்.

பிள்ளையைத் தூக்கிய பிறகு அக்கா சிரிக்கவில்லை. பிள்ளை மூழ்கிக்கொண்டிருக்கும்போது சிரித்திருக்கிறாள். பொய்யாக ஒட்டிய ஷாட், நடந்ததைவிட இரக்கமாக இருந்தது.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். படத்தை இழுத்து அக்காவின் முகத்தைப் பெரிதாக்கினாள். க்ளோசப். காய்ந்த முடி தெரிந்தது, நேரத்தைத் தனியே கீழே எழுதினாள், சிவப்புப் புள்ளி ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டது. விசாரணைக்கு வருகிறவர்கள் சினிமா படித்தவர்களா என்ன? செய்து முடித்துச் சாய்ந்து உட்கார்ந்தாள். சேனல் எடிட்டரும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டு, திரையை அணைத்து ஹெட்ஃபோனை மாட்டினாள்.

இருட்டில் பிள்ளைகளின் கூச்சல். பிறகு ஒரு குரல், குளத்து மேனேஜருடையது.

"கேமராவப் பாத்து நில்லும்மா. தண்ணி பின்னாடி வரட்டும்."

"சார், சேர்ல உக்காந்து தண்ணியப் பாத்துக்க வேற ஆள் இல்ல. தண்ணிக்கு முதுகு காட்டி நிக்கக் கூடாது சார்."

"அஞ்சு நிமிஷத்துல என்ன ஆயிடப் போகுது? கொஞ்சம் சிரிச்சுப் பேசு."

நுணலும் தன் வாயால் கெடும். நாளைக்கு விசாரணையில் உட்காரும் மூன்று பேரில் இந்த மேனேஜரும் ஒருவர். சின்னவள் அந்தக் குரலைத் தன் க்ளோசப்புக்குக் கீழே சேர்த்தாள். இப்போது அக்கா மேல் தூசுகூட இல்லை.

வீட்டுக்கு ஓடிவந்து அக்காவை எழுப்பி உட்கார வைத்து லேப்டாப்பை மடியில் வைத்தாள். அக்கா கடைசிவரை பார்த்தாள்.

"செவப்புத் தொப்பி எங்கடீ?"

சின்னவளுக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லாம் தெரிந்துதான் அக்கா மூன்று நாளாக வாய் திறக்காமல் கிடந்திருக்கிறாள். வேறு வழியில்லை, வேலை போய்விடும், அந்த மேனேஜரோ நாற்காலியில் உட்கார்ந்து உனக்கே தீர்ப்பு எழுதுவான் என்று அவள் படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். அக்கா முடியும்வரை காத்திருந்தாள்.

"ஒரு தடவ அந்தப் புள்ளைய நான் பாக்காம விட்டுட்டேன். நீயும் வெட்டி எறியாத. முழுசாப் போடு."

அன்றிரவு அவர்கள் சண்டை போட்டதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. சின்னவள் தோற்றாள், அழுதாள், முழுசாக வைத்தாள்.

திங்கட்கிழமை பத்து மணி. நீண்ட மேசைக்குப் பின்னால் நடுவில் ஒரு பெண் அதிகாரி, ஒரு பக்கம் மேனேஜர், மறுபக்கம் குறிப்பெழுதுகிறவர். சுவரோரம் அந்தத் தாய். சின்னவள் முதலில் செய்தியைக் காட்டி, காய்ந்த முடியையும் நேரத்தையும் விளக்கினாள். அதிகாரி தலையாட்டினார். மேனேஜர்கூட நிம்மதியாக, சேனல்காரன் செய்த வேலை இது, இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். நிறுத்திக்கொள்ள அதுதான் நல்ல இடம். சின்னவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் கனக்க, வெட்டாத முழுப் பதிவைத் தட்டினாள்.

மேனேஜரின் குரல் அறையில் கேட்டது. சத்தம் எதற்கு, படம் போதுமே என்று அவர் அவசரமாக எழுந்தார். ஓடட்டும், உட்காருங்கள் என்றார் அதிகாரி. சிவப்புத் தொப்பி கீழே போனபோது சுவரோரமிருந்து ஒரு முனகல் வந்தது. பதினோரு வினாடி அவ்வளவு நீளம் என்று சின்னவளுக்கு எடிட்டிங் அறையில் தெரிந்திருக்கவில்லை.

தாய் எழுந்து அக்காவுக்கு எதிரே வந்து நின்றாள். அடித்துவிடுவாளோ என்று சின்னவள் நடுவில் போகப் பார்த்தாள்.

"அவரு சொன்னதாலதான அப்படி நின்ன?"



"சொன்னது அவரு," என்றாள் அக்கா. "நின்னது நான்."

தீர்ப்பு மாலையில்தான் வந்தது. மேனேஜரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அக்காவின் சான்றிதழ் ரத்தாகவில்லை, ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்தார்கள், அதன்பிறகு மறுபடி தேர்வு எழுத வேண்டும். ஆனால் சின்னவளுக்கு அந்த விசாரணை முடிந்தது காலையிலேயே, அந்தத் தாயின் முகம் கலங்கி, அவள் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது. எந்தக் கேமராவிலும் விழாத ஒன்றை அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் கரையிலதான் உக்காந்திருந்தேன். ஃபோனப் பாத்துட்டு."

குறிப்பெழுதுகிறவர் பேனாவை எடுத்தார். எழுத வேண்டாம் என்று அதிகாரி கையைக் காட்டினார்.