அம்மாவின் படத்துக்குக் கீழே

வைட்ஃபீல்டில் எங்கள் ஆபீஸ் கேன்டீன் சுவரில் ஒரு திங்கட்கிழமை காலை அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஆளுயரப் படம். தலையில் வலைத் தொப்பி, கையெல்லாம் ராகி மாவு. எந்தெந்த டிரஸ்ட்டுக்குப் பணம் கொடுக்கிறோம் என்று பெருமையடித்துக்கொள்ள கம்பெனி மாட்டிய படங்களில் அதுவும் ஒன்று. ரிசப்ஷனில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வணக்கம் சொல்கிற எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதெல்லாம் கீழே இருந்த இங்கிலீஷைப் படிக்கும் வரைதான். சந்திரம்மாவைக் கணவன் அடித்து நொறுக்குவானாம். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பயந்து கிடப்பாளாம். டிரஸ்ட் வந்து கைகொடுத்ததாம். இன்று சுற்றுக் கிராமத்துப் பெண்களோடு சேர்ந்து ராகி மாவு யூனிட் நடத்துகிறாளாம்.

அந்தக் கணவன் என் அப்பா சின்னப்பா. கொசுவை அடிக்கவே இரண்டு தரம் யோசிக்கிறவர். அம்மா யூனிட்டுக்குக் கிளம்பும்போது அவள் செருப்பைத் துடைத்து வாசலில் வைக்கிறவர்.

பக்கத்தில் காபியோடு வந்து நின்ற எச்.ஆர். பெண், "அந்த ஆளை உள்ள தள்ளியிருக்கணும் இல்ல?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அது என் அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு அந்த டிரஸ்ட் மேல் முதலிலிருந்தே நம்பிக்கை கிடையாது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பெண்கள் முன்னேற வேண்டும் என்று இவர்களுக்கு என்ன அவ்வளவு கவலை? மெஷின் வாங்கித் தந்தார்கள், பாங்கில் கணக்குத் திறந்து தந்தார்கள், எல்லாம் சரி. பதிலுக்கு என்ன எடுத்துக்கொள்வார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன். அப்பாவின் மானத்தை எடுத்துக்கொண்டார்கள்.

தினேஷ் அண்ணாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். எனக்கு ஒன்று என்றால் முன்னால் வந்து நிற்கிறவன் அவன். என் காலேஜ் பீஸ் அவன் வண்டி ஓட்டிக் கட்டியது. விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப் போனான்.

"எங்கப்பா மேலயா? சனிக்கிழமை வா, பார்கவி. அந்த யூனிட்டையே இழுத்து மூடிட்டு வரலாம்" என்றான்.

வார நாளெல்லாம் நான் பி.ஜி. ஹாஸ்டலில்தான் இருக்கிறேன். சனிக்கிழமை மூன்று பஸ் மாறி, சந்தாபுராவைத் தாண்டி உள்ளே இருக்கும் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டி, எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

"இதை அவங்களா எழுதிக்கிட்டாங்களா? இல்ல நீ சொன்னியா?"

"நான்தான் சொன்னேன்."

"அப்பா உன்ன அடிச்சாரா?"

அம்மா வெங்காயத்தைப் பார்த்தபடி, "ஆன கதைய ஏன் கிளர்ற? கம்பெனிக்காரங்க காசுலதான் அங்க அடுப்பு எரியுது. சும்னே கிரிகிரி பண்ணி வம்ப இழுக்காத" என்றாள்.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? அப்பாவிடம் போனேன். கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன். தலை நிமிராமல், "உங்கம்மா சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார்.

அது என்ன பதில்? அவர் கைகளைப் பார்த்தேன். வண்டி ஓட்டிக் காய்த்துப் போன கைகள். என்னைத் தூக்கி வளர்த்த கைகள்தான், ஆனாலும் பார்த்தேன். நாங்கள் தூங்கிய பிறகு நடந்திருக்குமா? அம்மா சில நாள் பேசாமல் இருப்பாளே, அதற்கு இதுதான் காரணமா? பெற்ற அப்பாவை ஒரு திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். அது எனக்கே அருவருப்பாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை.

யூனிட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தினேஷின் மனைவி சுனிதா அண்ணியை வாசலில் மடக்கினேன். அவளும் அங்கேதான் மாவு சலிக்கிறாள்.

"அண்ணி, உங்களுக்கு இதப்பத்தி எதாவது தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எப்போதும் இப்படித்தான், வாயில் பூட்டு. இந்த வீட்டில் ஏதோ ஒன்றை எல்லோரும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறார்கள் என்று தோன்றியது. தினேஷ் மட்டும்தான் என்னைப் போல நேராகக் கோபப்பட்டான். அவன் பைக்கில் ஏறி உட்கார்ந்தபோது எனக்குத் தெம்பாகக்கூட இருந்தது.

யூனிட் என்பது ஏரிக்கரையில் ஒரு நீளமான ஷெட். உள்ளே வறுத்த ராகி வாசனை. டிரஸ்ட்டின் லீனா மேடம் பாக்கெட்டுகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

தினேஷ் போன வேகத்திலேயே கத்த ஆரம்பித்தான். "எங்கப்பா மேல பொய் எழுதி காசு வாங்கறீங்களா, மேடம்? நல்ல குடும்பத்து ஆம்பளைய ரவுடி மாதிரி காட்டினாத்தான் உங்க டிரஸ்ட் நடக்குமா? கேஸ் போடுவேன். நாளையிலிருந்து எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் இங்க வரமாட்டாங்க."

"கூட்டத்துல சந்திரம்மா அக்கா சொன்னதத்தான் எழுதினோம்" என்றார் லீனா. "படம் போடலாமான்னு கேட்டோம். சரின்னாங்க."

"வேண்டாம்னு சொன்னா மெஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவீங்கன்னு பயந்திருப்பாங்க" என்றேன் நான்.

அவர் முகம் மாறியது. "அப்படி நாங்க சொன்னதில்ல. ஆனா கதை இல்லாம எந்தக் கம்பெனியும் காசு கொடுக்கறதில்ல, அது உண்மை" என்றார் மெல்ல. ஓநாயின் வாயாலேயே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குள் ஆட்டோவில் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். அப்பா நேராக உள்ளே வந்தார். பெண்கள் எல்லோரும் கை வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"எழுதினது சரிதான். நான்தான் அடிச்சேன். விடு தினேஷ், வீட்டுக்கு வா" என்றார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். இப்படி ஒன்றைச் சபையில் ஒப்புக்கொண்ட மனிதரை இனி எப்படி அப்பா என்று கூப்பிடுவது? அந்தப் பெண்கள் அவரைக் காறித் துப்பப் போகிறார்கள் என்று பயந்து அவர்களைப் பார்த்தேன்.

ஒருத்திகூட அப்பாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் தினேஷைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கூட்டமே சேர்ந்து ஒருவனை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அம்மாவும் அவனைத்தான் பார்த்தாள். தெரிந்த விஷயத்தைப் பார்க்கிற பார்வை அது.

சல்லடையைக் கீழே வைத்துவிட்டு சுனிதா அண்ணி முன்னால் வந்தாள்.

"மாமா பொய் சொல்றாரு, மேடம். அவரு என்னைக்கும் யார் மேலயும் கை வச்சதில்ல. அது என் கதை. அன்னைக்குக் கூட்டத்துல முகத்துல என்ன வீக்கம்னு கேட்டீங்க. நான் வாயத் தெறந்தா வீட்டுல இன்னும் விழும்னு பேசாம இருந்தேன். அத்தை எழுந்து, அடி வாங்கறது நான்தான், தடுக்க வந்ததுல இவளுக்குப் பட்டுடுச்சுன்னு அவங்க மேல போட்டுக்கிட்டாங்க. மாமா கிட்ட அழுதாங்க. எம் பேரே இருக்கட்டும், மருமக பொழைச்சா போதும்னு சொன்னாரு." அவள் மூச்சு வாங்கினாள். "அத்தை படத்தை எடுத்துடுங்க. என்னைப் படம் எடுங்க."

"ஏய்" என்று தினேஷ் ஒரு எட்டு வைத்தான். வறுக்கிற அடுப்புப் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. வந்து அண்ணிக்கு முன்னால் நின்றார்கள், அவ்வளவுதான். அம்மாவும் அதில் போய் நின்றாள்.

அவன் நின்றுவிட்டான். சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது.

"பார்கவி, நீயாவது சொல்லு. நான் அப்படிப்பட்டவனா?"

அவன் என்னிடம் குரல் உயர்த்தியதுகூட இல்லை. இந்த வாரம் முழுக்க டிரஸ்ட்டைச் சந்தேகப்பட்டேன், அம்மாவைச் சந்தேகப்பட்டேன், பெற்ற அப்பாவின் கைகளைச் சந்தேகப்பட்டேன். இவனை மட்டும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போதும் அவனை நம்பத்தான் ஆசையாக இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் பிழைத்துக்கொள்வான். சொல்லக் கூடாது என்று தெரிந்தது.

அவனைத் தாண்டிப் போய், அந்தப் பெண்களுக்குள் புகுந்து, அண்ணியின் பக்கத்தில் நின்றேன்.

அவன் பைக்கில் வந்து இறங்கிய என்னை அவள் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஓரடி விலகி நின்றுகொண்டாள்.